வியாபாரப் படிப்பு யாருக்கு?
(சென்னை தியாகராய நகரில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



சர்வகலாசாலைகளில் இப்போது சொல்லிக் கொடுக்கப்படும் வியாபாரம், நிர்வாகம், தொழில் தொடங்குதல் ஆகிய படிப்புகளைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். நாம் காலேஜ் வாசலை மிதித்தவரல்ல. ஆகவே நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

முன்காலத்தில் வியாபாரம் என்பது படித்து வருவதல்ல, பிறந்து வருவது என்பதாகவே நினைத்தார்கள். மனுதர்மமோ வியாபாரத்தை வைசியனுக்கு என்று ஒதுக்கியதோடு நில்லாமல், சூத்திரன் சக்தியிருந்தாலும் பொருள் சேர்க்கக் கூடாது என்றும் விதித்தது. ஆனால் உண்மையில் நடந்தது என்ன? நகரத்தார் தங்கள் பையன்களைப் பர்மா, மலாய் கடைகளில் பெட்டியடிப் பையனாக உட்கார வைத்து, பிறகு அடுத்தாளாக்கி, படிப்படியாகத் தொழிலைக் கற்றுக் கொடுத்தார்கள். கோயிலுக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்ட நாடார் சமூகத்தார் மகமை என்று வரும்படியில் ஒரு பங்கை ஒதுக்கி, 1889-ல் விருதுநகரில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி ஏற்படுத்தினார்கள். அதுதான் 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் பெற்று நடக்கிறது. இவர்கள் முன்னுக்கு வந்தது தலையெழுத்தாலா? பழக்கத்தாலும், கணக்காலும், கூட்டுறவாலும் அல்லவா?

நம்முடைய சொந்தக் கதையையும் சொல்லுகிறோம். இருபத்தைந்தாவது வயதில், சம்சாரத்தின் நகையை அடகு வைத்து, மயிலாப்பூரில் ஒரு நோட்டுப் புத்தகக் கடை வைத்தோம். வீட்டார் வற்புறுத்தலுக்காக ஜோசியர் குறித்த நாளில்தான் திறந்தோம். மூன்றாம் வருஷம் மூடினோம். நகையும் போயிற்று. எல்லோரும் சனி பிடித்தது என்றார்கள். பிறகு நாமாகவே கணக்குப் புத்தகங்களை வாங்கிப் படித்து, பழைய சிட்டையை எடுத்துப் பார்த்தோம். பத்து ரூபாய்க்கு வாங்கிய நோட்டைப் பன்னிரண்டுக்கு விற்று, இரண்டு ரூபாய் லாபம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறோம். கடை வாடகை, அடகு வட்டி, வராத கடன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நோட்டின் அடக்கவிலை பதின்மூன்று! விற்க விற்க நஷ்டம். சனி விலகியிருந்தாலும் அந்தக் கடை மூடித்தான் இருக்கும். இந்த ஒரு கணக்கைத்தான் அந்தப் படிப்பில் முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆகவே படிப்பு வீண் என்பாரோடு நாம் சேரமாட்டோம்.

நம்முடைய சண்டையெல்லாம் வாசற்படியைப் பற்றியதுதான். அடையாற்றின் பக்கம் 1959-ல் ஏற்பட்ட ஐ.ஐ.டி.யில் எம்.பி.ஏ. படிக்க வேண்டுமானால் கேட் என்னும் பரீட்சை எழுத வேண்டும். அது முழுவதும் இங்கிலீஷில் மாத்திரமே நடக்கிறது. அரிசியும் துணியும் விற்கத் தமிழில் பேசுகிறவன் மகன், வியாபாரம் கற்க முதலில் இங்கிலீஷில் ஜெயிக்க வேண்டுமாம்! அதன் மேல் லட்சக்கணக்கில் சம்பளம் கட்ட வேண்டும். ஜாதியின் பேரால் அடைத்த கதவைப் பணத்தின் பேராலும் பாஷையின் பேராலும் அடைத்தால், வெளியில் நிற்பவனுக்கு என்ன வித்தியாசம்?

படித்து வந்தவர்களையும் ஒன்று கேட்கிறோம். நிர்வாகத்தில் பட்டம் பெற்றும், கடை திறக்க ராகுகாலம் பார்க்கிறீர்களே. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு பாங்கிக்காரன் வட்டியை நிறுத்தி வைக்கிறானா? நெல் அளப்பவன் ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று எண்ணத் தொடங்குகிறான். அதனால் ஒரு மரக்கால் இரண்டாகிறதா?

வழியில்லாமலும் இல்லை. முதல் தலைமுறையாகத் தொழில் தொடங்குவோருக்கு "நீட்ஸ்" என்ற சர்க்கார் திட்டம் 2012 முதல் பயிற்சியும் மானியமும் கொடுக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 2023-ல் ஏற்பட்ட அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் முதலீட்டில் 100-க்கு 35 மானியமும், வட்டியில் 100-க்கு 6 சலுகையும் உண்டு. இவற்றைக் கேட்டு வாங்குவது பிச்சையல்ல, உரிமை. ஆனால் கணக்குத் தெரியாதவன் கையில் மானியம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

ஆதலால் ஒவ்வொரு ஊர் வாசகசாலையிலும் வாரம் இரண்டு மாலை, தமிழில், அடக்கவிலையும் பேரேடும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பட்டம் பெற்ற வாலிபர்கள் வந்து சொல்லிக் கொடுக்கட்டும். பெண்களையும் அனுப்புங்கள், அடகுக் கடைக்குப் போவது அவர்கள் நகைதானே, கணக்கு மட்டும் அவர்களுக்கு ஏன் தெரியக் கூடாது? நுழைவுப் பரீட்சை தமிழிலும் வேண்டும் என்று கேளுங்கள்.

இந்தத் தியாகராய நகர், பார்ப்பனரல்லாதார் கல்விக்கும் உத்தியோகத்துக்கும் பாடுபட்ட சர். பி. தியாகராயர் பேரால் விளங்குவது. அப்பேர்ப்பட்ட இடத்தில், கடையில் மூட்டை தூக்குகிறவன் மகன் ஒரு நாள் கல்லாவில் உட்காருவதற்கும் வழி செய்ய வேண்டாமா என்று கேட்டு, இவ்வளவோடு முடித்துக் கொள்கிறோம்.