பழங்கதை சாட்சியாகுமா?



இன்று ஒரு நில வழக்கைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நில வழக்கு நமக்குப் புதிதல்ல. ஒரு முழ வரப்புக்காக ஒரு காணியை விற்று வக்கீலுக்குக் கொட்டியவர்கள் நம் ஊர்களில் உண்டு. நான் சொல்லுவதோ மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா தேசத்து விவகாரம். 1957-ல் விடுதலை அடையும் வரை வெள்ளைக்காரன் அதைக் கோல்டு கோஸ்ட் என்று அழைத்தான்.

அங்குள்ள அக்கான் மக்களில் ஒவ்வொரு தலைவனுக்கும் ஓர் ஆசனம் உண்டு. மரத்தில் செதுக்கிய முக்காலி போன்றதுதான். ஆனால் முன்னோர் ஆவி அதில் குடியிருப்பதாக நம்பிக்கை. நிலம் அந்த ஆசனத்துக்குச் சொந்தம், தலைவன் குடிகளுக்காக அதைப் பார்த்து வருபவன் என்பது சம்பிரதாயம். பழைய நாளில் பத்திரம் கிடையாது. ஓடையும் குன்றும் பெரிய மரமுமே எல்லை.

காடு வெறுங்காடாக இருந்த வரை அந்த எல்லை எங்கே என்று வெகுவாகக் கவலைப்பட்டவர் இல்லை. பிறகு கொக்கோப் பயிர் வந்தது. தங்கச் சுரங்கக் கம்பெனிகள் வந்தன. 1919-ல் வைரம் அகப்பட்டது. உடனே தலைவர்களுக்கெல்லாம் பாட்டன் பூட்டன் ஞாபகம் வந்துவிட்டது! வைரம் கிடைத்த அக்யெம் அபுவாக்வா சீமையின் பெரிய தலைவருக்கும், அசமான்கெசே, அக்வாட்டியா ஊர்த் தலைவர்களுக்கும் 1920-களில் மூண்ட வியாஜ்யம் 1930-களிலும் ஓயவில்லை.

இத்தகைய வழக்குகளில் சாட்சியம் என்ன தெரியுமா? “எங்கள் மூதாதைதான் வேட்டைக்கு வந்து இந்தக் காட்டை முதலில் கண்டான்” என்பார் ஒருவர். “இல்லை, உன் மூதாதை என் மூதாதையிடம் குடியிருக்க இடம் கேட்டு வந்தவன்” என்பார் மற்றவர். இருவரும் சத்தியம் செய்வார்கள். இருவரும் பார்வைக்கு யோக்கியர்கள். நீதிபதி என்ன செய்வார்?

இரண்டாம் கோஜோ என்பவருக்கும் போன்சி என்பவருக்கும் நடந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1957-ல் டென்னிங் பிரபு தீர்ப்புக் கூறினார். அதன் சாரம் இதுதான்: தலைமுறை தலைமுறையாக வாய்வழி வரும் கதையில், யாருக்கும் வஞ்சக எண்ணம் இல்லாமலே பிழை நேரலாம். யோக்கியனும் பொய்யான சங்கதியை உண்மையென்று நம்பிச் சொல்லலாம். ஆகையால் சாட்சியின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. சமீப காலத்தில் மெய்ப்பிக்கப்பட்ட நடப்புகளோடு எந்தக் கதை பொருந்துகிறது என்று பார்.

தோழர்களே! நாம் மேடைதோறும் சொல்லுவது வேறென்ன? “என் பாட்டன் பொய் சொல்லுவானா?” என்று நம்மைக் கேட்கிறார்கள். பாட்டன் பொய்யன் என்று யார் சொன்னது? பாட்டன் யோக்கியன் என்பதற்காக அவன் கேட்ட கதை மெய்யாகிவிடுமா என்றுதான் கேட்கிறோம். யார் உழுதான், யார் நட்டான், யார் குத்தகை வாங்கினான் என்பது சாட்சியம். யாருடைய மூதாதை முதலில் வந்தான் என்பது பழங்கதை.

நிற்க. இந்தச் சண்டைக்குப் பணம் கொடுத்தது யார்? ஆவியா கொடுத்தது? வழக்குச் செலவு ஆசனத்தின் கடனாக ஏறிற்று. அந்தக் கடன் வரியாகக் குடிகளின் தலையில் விழுந்தது. தலைவன் தோற்றாலும் கொக்கோ நட்டவனுக்குத்தான் இடி. ஜெயித்தவன் வந்து, “இனி எனக்குக் கொடு” என்பான்.

நம் கதையும் அதுதான். சிவகங்கை ஜமீன்தார் 1829-ல் இறந்தார். ஜமீன் யாருக்கு என்ற சண்டையில் அதே பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது 1863-ல். 34 வருஷம்! ஜமீன்தார் யாரானாலும் உழுதவன் கிஸ்தி கட்டாமல் தப்பினானா?

கானாவின் 1992-ம் வருஷத்து அரசியல் சட்டம், ஆசன நிலம் குடிகளுக்கான தருமகர்த்தப் பொறுப்பே என்கிறது. வருமானத்தில் நூற்றுக்குப் 10 நிர்வாகத்துக்குப் போக, மீதியில் நூற்றுக்கு 25 ஆசனத்துக்கு, 20 பாரம்பரிய அதிகார சபைக்கு, 55 ஜில்லா சபைக்கு என்று பங்கும் போட்டிருக்கிறது. பங்கு காகிதத்தில் இருந்தால் போதாது. குடிகள் கணக்குக் கேட்க வேண்டும்.

ஆகவே, உங்கள் ஊரில் எவனாவது “ஆதி காலத்திலிருந்து இது என்னுடையது” என்று எழுந்தால், அவன் வம்சத்தைக் கேளாதீர்கள். நேற்று அதில் பாடுபட்டவன் யார் என்று கேளுங்கள். இதைச் சொல்லி என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.