பட்டியலில் பெயர் நீக்கப்பட்ட அணி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், பெண் பிள்ளைகளின் விளையாட்டுப் பயிற்சி குறித்த தீர்மானத்துக்கு முன் பேசிய உரை)



கடன் வசூலும் காப்பீட்டுப் படிவமும் பேசி முடித்துவிட்டோம். மூன்றாவது பொருளை வாசித்ததும் பின் வரிசையில் சிரிப்புச் சத்தம். "பொம்பளப் பிள்ளைகளுக்குக் கால்பந்தா?" என்று ஒரு அக்கா கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். நம் குழுப் பிள்ளைகள் சிலர், பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பந்து பழக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள். சில குழுக்கள் சரி என்கின்றன. சில குழுக்கள், வயசுக்கு வந்த பிள்ளையை மைதானத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று தீர்மானமே எழுதி அனுப்பிவிட்டன. கை தூக்கச் சொல்வதற்கு முன்னால், நம் நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். ஆண்கள் கிரிக்கெட் என்றால் நம் வீட்டுச் சின்னப் பையன்கூட ஆள் ஆளாகப் பெயர் சொல்லுவான். இந்த அணியைப் பற்றிச் சொல்ல நம் வீடுகளில் ஆள் கிடையாது.

கால்பந்து நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். உலகக் கோப்பை நடக்கிற மாதத்தில் மலைமேல் கடைவீதிகளில் அர்ஜென்டினா கொடியும் பிரேசில் கொடியும்தான் பறக்கும். அந்தக் கேரளத்தின் கோழிக்கோட்டில்தான் 1980-ன் தொடக்கத்தில் ஆசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி நடந்தது. நம் பெண்கள் இறுதி ஆட்டம் வரை போனார்கள். தைவானிடம் தோற்று இரண்டாம் இடம். 1981-ல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983-ல் பாங்காக்கில் மறுபடியும் இறுதி ஆட்டம். அதில் தாய்லாந்து 3-0 என்று ஜெயித்தது. ஆசியாவிலேயே இரண்டாம் இடம், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை! அதே 1983-ல் வங்காளத்து சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. கால்பந்துக்காக அந்த விருது வாங்கிய முதல் பெண் அவர்தான்.

இந்த அணியை அப்போது நடத்தியது ஆண்களின் சம்மேளனம் அல்ல. 1975-ல் பெண்கள் கால்பந்துக்கென்றே தனியாகத் தொடங்கிய சங்கம். கையில் பெரிய பணம் இல்லாமலே அவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகுதான் சறுக்கல். 1986-ல் நடந்த ஆசியப் போட்டிக்கு இந்தியா போகவே இல்லை. 1989-லும் போகவில்லை. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1991-ல் சீனாவில் நடந்தபோது நாம் எங்கோ பின்னால் இருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பெண்கள் அணியையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, மாநிலங்களுக்கு இடையே தேசியப் போட்டியும் நடத்த ஆரம்பித்தது. ஆனாலும் விட்ட இடைவெளி பெரியது. 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் சீனாவிடம் 16-0 என்று தோற்றோம். பதினாறு கோல்! பதினைந்து வருஷத்துக்கு முன் இறுதி ஆட்டம் ஆடிய அதே பாங்காக்.

நம் பெண்களுக்குத் திடீரென்று கால் மடங்கிவிட்டதா? இல்லை. நடுவில் சீனாக்காரர்கள் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள், நம்மவர்களுக்கு ஆட்டமே வைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். 2009-ல் இதைவிடக் கேவலம் நடந்தது. 18 மாதத்துக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடவில்லை என்று உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்தியாவின் பெயரையே எடுத்துவிட்டார்கள். நாலு மாதம் கூட்டம் போடாத குழுவை 'செயல்படாத குழு' என்று எழுதிவிடுகிறார்களே, அதே கணக்கு. உறுப்பினர்கள் ஊரில்தான் இருப்பார்கள், சேமிக்கவும் தயாராக இருப்பார்கள். கூட்டத்தைக் கூட்ட ஆள் இருக்காது. வீராங்கனைகளும் அப்படித்தான் இருந்தார்கள். மணிப்பூரின் ஒய்னம் பெம்பெம் தேவி 1995-ல், 15 வயதில் இந்தியாவுக்கு ஆட வந்தவர். ஆட்டம் இருந்த வருஷமும் இல்லாத வருஷமும் அவர் விடவில்லை. 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

பெயர் நீக்கிய மறுவருஷமே அணியைத் திரட்டி அனுப்பினார்கள். 2010-ல் டாக்காவில் தெற்காசிய விளையாட்டில் தங்கம். அதே வருஷம் தெற்காசியப் பெண்கள் கோப்பை முதல் முறையாக நடந்தது, அதுவும் நமக்கே. 2012, 2014, 2016, 2019 என்று தொடர்ந்து ஐந்து முறை அந்தக் கோப்பையை வேறு யாருக்கும் விடவில்லை. 2022-லும் 2024-லும் வங்கதேசம் தட்டிக்கொண்டு போய்விட்டது. சின்ன நாடு, ஏழை நாடு. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்துப் பல வருஷம் விடாமல் பழக்கினார்கள். அந்த வெற்றியை நாம் வயிற்றெரிச்சலோடு பார்க்கத் தேவையில்லை.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2018 பிப்ரவரியில் ஒடிசாவின் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியில், பல வருஷமாகக் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்த மணிப்பூரை 2-1 என்று தமிழ்நாடு ஜெயித்தது. நமக்கு அதுதான் முதல் தேசியக் கோப்பை. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை ஜெயித்து இரண்டாவது. மதுரைப் பக்கத்து சேது அணி 2019-ல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையையே தூக்கி வந்தது. மதுரை என்றால் நமக்கு ரெண்டு மணி நேரப் பயணம்தானே.

கடலூர்க்காரப் பெண் இந்துமதி கதிரேசனைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தியாவுக்கு ஆடுகிற நடுக்களத்து வீராங்கனை. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020-ல் கொரோனா ஊரடங்கு நேரத்தில், பந்தை வீட்டில் வைத்துவிட்டுச் சென்னைத் தெருவில் காவல் பணியில் நின்றார். 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் அவரோடு சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன், கார்த்திகா அங்கமுத்து என்று நான்கு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். மாரியம்மாள் என்று பெயர் வைத்த பிள்ளை நாட்டுக்கு ஆடுகிறது என்று கேட்டதும் இங்கே சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தோம். நம் ஊரில் தெருவுக்கு நாலு மாரியம்மாள் உண்டே!

அந்த 2022 போட்டி நம் நாட்டிலேயே, மகாராஷ்டிரத்தில் நடந்தது. முதல் ஆட்டம் ஈரானோடு, கோல் இல்லாமல் சமம். அடுத்த ஆட்டத்துக்குள் அணியில் 12 பேருக்குக் கொரோனா. ஆள் போதாமல் ஆட முடியாமல், போட்டியிலிருந்தே வெளியேற வேண்டியதாகிவிட்டது. அறுப்புக்கு நிற்கிற திராட்சைக் கொடியில் மழை பெய்தால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி.

அதே வருஷம் அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பையும் இங்கே நடந்தது. ஆடிய மூன்றிலும் தோல்வி, ஒரு கோல்கூட அடிக்கவில்லை. தலைவி அஷ்டம் ஓராவ், ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துப் பழங்குடிப் பெண். பிள்ளை பெயர் வாங்கியதும் அவர் வீட்டுக்கு அரசாங்கம் சாலை போட்டது. அந்தச் சாலையில் தினக்கூலிக்கு வேலை பார்த்தவர்களில் அவருடைய அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். மகள் பேரில் போடுகிற சாலைக்கு மண் சுமந்தார்கள். இது பெருமையா, வேதனையா? எங்களுக்குள்ளேயே இதில் ஒரு முடிவு வரவில்லை. நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக 2025. ஜூன் கடைசியில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0. ஜூலை 5-ல் கடைசி ஆட்டம், தாய்லாந்தோடு, அவர்கள் மண்ணிலேயே. வங்காளத்து சங்கீதா பாஸ்போர் இரண்டு கோல் அடித்தார், 2-1. 1983-ல் இறுதி ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே தாய்லாந்து. 42 வருஷம் ஆகியிருக்கிறது. தகுதிச் சுற்றில் ஜெயித்து இந்தியா ஆசியக் கோப்பைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்குச் சரி, நமக்கு ஒத்துவருமா?" என்று ஒரு பேச்சு வரும். வெள்ளைக்காரர்கள் ஆதியிலிருந்தே பெண்களை ஆட விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்ற ஊரில் தொழிற்சாலைக் கூலிப் பெண்கள் சேர்ந்து ஓர் அணி வைத்திருந்தார்கள். ஆண்கள் சண்டைக்குப் போன முதல் உலகப் போர் காலத்தில் ஆரம்பித்த அணி. 1920 டிசம்பர் 26-ல் லிவர்பூலில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். வசூல் தர்மத்துக்குப் போனது. மறுவருஷம் டிசம்பரிலேயே கால்பந்துச் சங்கம் தடை போட்டுவிட்டது. பெண்களுக்கு ஏற்ற விளையாட்டு இல்லையாம், சங்க மைதானம் எதிலும் ஆடக்கூடாதாம். ஏறக்குறைய 50 வருஷம் அந்தத் தடை இருந்தது. 1972-ல்தான் இங்கிலாந்துப் பெண்கள் தங்கள் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தை ஸ்காட்லாந்தோடு ஆடினார்கள். 2022-ல் ஜெர்மனியை ஜெயித்து ஐரோப்பியக் கோப்பை வாங்கினார்கள், அன்று மைதானத்தில் 87,192 பேர். 2025-லும் ஸ்பெயினை ஜெயித்து அதே கோப்பை. நாம் இங்கே சொல்கிற காரணங்களைத்தான் அவர்களும் நூறு வருஷத்துக்கு முன் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் எழுதி அனுப்பிய ஆட்சேபணைகளுக்கு வருவோம். வெயிலில் கறுத்துப்போவாள் என்று இரண்டு குழுக்கள் எழுதியிருக்கிறீர்கள். லீவு நாளில் அதே பிள்ளை திராட்சைத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும்போது நமக்கு இந்தக் கவலை வருவதில்லை. அடிபடும் என்கிறீர்கள். அடிபடத்தான் செய்யும், அதை மறைக்க மாட்டோம். கால்பந்தில் முழங்காலும் கணுக்காலும் பத்திரம். ஆரம்பத்தில் பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்காமல் பந்தைத் தொடக்கூடாது, வெறுங்காலோடு ஆடக்கூடாது. சோகை இருக்கிற பிள்ளை ஓடினால் மயங்கி விழும். பள்ளிக்கூடத்தில் தருகிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறியாமல் விழுங்க வைப்பது தாயார் பொறுப்பு. கேப்பையும் முருங்கைக் கீரையும் நம் வீட்டிலேயே இருக்கிறது. மாதவிலக்கு நாளில் ஆடுவதும் உட்கார்வதும் பிள்ளையின் விருப்பம். ஆனால் கழிப்பறையில் தண்ணீர் வேண்டும். அதைப் பள்ளி நிர்வாகக் குழுவில் நாம்தான் கேட்க வேண்டும்.

வேலை கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு: தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் உண்டு. ஆனால் ஊர்த் திருவிழாவில் ஜெயித்த கோப்பைக்கு அது கிடைக்காது. அதற்கென்று வகுத்த போட்டிகளில் ஆடிய சான்றிதழ் வேண்டும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் சேர்ந்தால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். தேனியில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். எல்லாப் பிள்ளையும் இந்துமதி ஆகிவிடாது. ஆசை காட்டிக் கையெழுத்து வாங்க நாங்கள் வரவில்லை.

மிச்சமிருப்பது பாதுகாப்பு. இந்த ஆட்சேபணை நியாயமானது. பழக்கிவிடப்போவது ஆண் வாத்தியார். பயிற்சி நாலரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும். கார்த்திகை, மார்கழியில் அதற்குள் இருட்டிவிடும். ஆகவே தினமும் இரண்டு தாய்மார் மைதானத்தில் இருந்தால்தான் பயிற்சி, ஆள் இல்லாத நாளில் பயிற்சி இல்லை என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறோம். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஜீப் வந்து இறங்கவே நேரமாகிவிடும். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முறை போட்டுக்கொள்ளலாம். தோட்ட வேலைக்குப் போய் மத்தியானமே திரும்புகிறவர்கள், வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள், பால் ஊற்றிவிட்டு வரக்கூடியவர்கள் மற்ற ஆறு நாளுக்கு வேண்டும். நாளுக்கு இரண்டு பேர் என்றால் பன்னிரண்டு பேர். நோட்டு இங்கே இருக்கிறது. முதலில் பெயர் கொடுங்கள், அதற்குப் பிறகு தீர்மானத்துக்குக் கை தூக்கலாம்.