வெட்டுக்காயமும் மருத்துவக் குறிப்பும்

(லூமுட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்கான உரை)



பால்வெட்டுக் கத்தியின் கூர்மையை நாம் அனைவரும் அறிவோம். விடியற்கால இருளில் கத்தி சற்றே வழுகினாலும் விரல் கிழிந்துவிடும். துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச மரங்களையும் வெட்டி முடிப்போர் நம்மிடையே பலர் உளர். அவர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம்: காயத்திற்கு மருந்து எவ்வளவு தேவையோ, அதைப் பற்றிய எழுத்துக்குறிப்பும் அவ்வளவு தேவை.

மருத்துவமனைகளில் ஒவ்வொரு காயத்திற்கும் ஒரு குறியீடு இடப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த பத்தாம் பதிப்பின்படி, மணிக்கட்டிலும் கையிலும் ஏற்படும் திறந்த காயம் எஸ் 61 ஆகும். அங்கே நரம்பு அறுந்திருந்தால் எஸ் 64. தசையோ தசைநாணோ அறுந்திருந்தால் எஸ் 66. காயம் நேர்ந்த விதத்திற்கு வேறொரு குறியீடு உண்டு. குறியீடு இடுபவர் நம் கையைப் பார்ப்பதில்லை. மருத்துவர் எழுதியதையே பார்க்கிறார். மருத்துவரோ, தாம் கண்டதோடு நாம் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறார்.

ஒரு தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். விரல் மடங்கவில்லை என்பதை அவர் சொல்லாமல், "சின்னக் காயம்தான், ஐயா" என்கிறார். தையல் போடப்படுகிறது, தோற்காயம் மட்டுமே பதிவாகிறது. சில மாதங்களுக்குப் பின்னும் விரல் விறைத்தே நிற்கிறது. நிரந்தர முடத்திற்கான உதவித்தொகை கோரிச் சொக்சோ மருத்துவ வாரியத்தின் முன் நிற்கும்போது, முதல்நாள் குறிப்பில் தசைநாணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உரிமை இருந்தும் சான்று இல்லை!

ஆகவே, மருத்துவரிடம் இவற்றைத் தவறாமல் கூறுவோம்: காயம்பட்ட நாள், நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, வெட்டிய கருவி, வலக்கையா, இடக்கையா, எந்த விரல், அது மடங்குகிறதா, நீள்கிறதா, மரத்துப்போயிற்றா, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது. வேலையில் நேர்ந்த காயத்தை வீட்டில் நேர்ந்ததென்று வெட்கத்தாலோ அச்சத்தாலோ மாற்றிச் சொல்லலாகாது.

அன்றே மண்டோரிடமும் அலுவலகத்திலும் தெரிவிப்போம். விபத்தை முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்புப் பெற்றவருக்கு, சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக முட உதவித்தொகையாகக் கிடைக்கும். மருத்துவ விடுப்புச் சீட்டையும் சிகிச்சைக் குறிப்பின் நகலையும் அடையாள அட்டையைப் போலப் பேணி வைப்போம்.

இரத்தம் நின்றதோடு காயத்தின் கதை முடிவதில்லை. நம் கைகளே நம் குடும்பத்தின் செல்வம். அவற்றுக்கு நேர்ந்ததை உள்ளபடி சொல்லி, உள்ளபடி எழுதச் செய்வோம்.