களிமண் பூச்சு

 

உங்கள் பட்டமளிப்பு விழாவுக்காகச் சேலம் கருப்பூருக்கு வரும் வழியில் மேக்னசைட் ஜங்ஷன் ஸ்டேஷனைப் பார்த்தேன். ஒரு கனிமத்தின் பெயர் ரயில் நிலையத்துக்கே வைக்கப்பட்ட ஊர் நம்முடையது. அந்தக் கல்லை நாம் வெள்ளைக்கல் என்கிறோம். டூனைட் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடும். கொஞ்சம் வெள்ளைக்கல் எடுக்க மலைமலையாகக் கழிவுப் பாறையைத் தோண்ட வேண்டும். சுத்தமான வெள்ளைக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 48 கிலோ மக்னீசியாதான் மிஞ்சும். மீதி 52 கிலோவும் கரியமில வாயுவாகப் போய்விடும். அந்த மக்னீசியா சுமார் 2,800 டிகிரி வரை உருகாது. எஃகு உலைகளின் உட்சுவர் அதில் செய்த செங்கல்லால்தான் தாக்குப்பிடிக்கிறது. அந்தச் செங்கல்லுக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்து சுத்தியால் கல் பிரித்த பெண்களின் கைகள் இருக்கின்றன.

அப்படி ஒரு அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நான் படிப்பு முடித்துச் சேலத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அது. எந்தச் சுரங்கம் என்பது வேண்டாம். ஐப்பசி மழை விட்டிருந்தது. அந்த அக்கா கல்லை ஒரே தட்டில் உடைப்பார். உடைந்த முகம் பீங்கான் மாதிரி வழவழப்பாக இருந்தால் ஒரு பக்கம், சொரசொரப்பாக இருந்தால் மறுபக்கம். ஆய்வுக்கூடம் மறுநாள் சொல்வதை அவர் கை அன்றைக்கே சொல்லிவிடும். சுரங்கச் சுவரைப் படிபடியாக வெட்டியிருப்போம், ஒவ்வொரு படியும் ஒரு பெஞ்சு. அன்று என்னைக் கூப்பிட்டு, “தம்பி, மேல் பெஞ்சுல கீறல் விட்டிருக்குதுங்க, பாத்தீங்களா?” என்றார். பார்க்கிறேன் என்றேன். ஏறிப் பார்க்கவில்லை. மேஸ்திரி கொடுத்த விவரத்தை வைத்து, பெஞ்சுகள் நன்றாக இருக்கின்றன என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரே என்னை மேலே அழைத்துப் போனார். கீறலின் குறுக்கே, முந்தின நாள் சாயங்காலம், இரண்டு கை அகலத்துக்கு ஈரக் களிமண்ணைப் பூசிவைத்திருந்தார். அந்தப் பூச்சு நடுவில் பிளந்து, விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. ஒரே இரவில் அந்த விலகல். கீழே கல் பிரித்துக்கொண்டிருந்த எல்லோரையும் உடனே வெளியே அனுப்பினோம். பதினொரு மணி இருக்கும், சுவர் மொத்தமாகச் சரிந்தது. பெண்கள் தினமும் உட்காரும் இடம் புழுதிக்குள் மறைந்துபோனது. ஒருவருக்கும் காயம் இல்லை. ஆனால் ரிஜிஸ்டரில் என் கையெழுத்து இருந்தது. அந்தப் பக்கத்தை நினைத்துத் தூங்காத இரவுகள் பல.

பாறைச் சரிவின் நிலைப்புத்தன்மை பற்றிய தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். உராய்வுக் கோணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். களிமண் பூச்சை எனக்குக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடமே போகாத அந்த அக்கா. இன்றைக்குப் பெரிய சுரங்கங்களில் ரேடார் வைத்து மில்லிமீட்டர் அசைவைக்கூட அளக்கிறார்கள். நல்லதுதான், அவசியம் வையுங்கள். ஆனால் ரேடார் வைத்த சுரங்கத்திலும் என்ஜினியர் ஏறிப் பார்க்க வேண்டும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொண்டதில்லை.

அப்படித் தானே நேரில் போன ஒருவரைச் சொல்கிறேன். 1989 நவம்பரில் ராணிகஞ்சில் மகாவீர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஜஸ்வந்த் சிங் கில் என்ற சுரங்க என்ஜினியர் இரும்புக் கூண்டில் தானே உள்ளே இறங்கினார். உயிரோடு சிக்கியிருந்த 65 பேரையும் ஒவ்வொருவராக மேலே அனுப்பிவிட்டு, கடைசி ஆளாக ஏறிவந்தார். மேலே நின்று உத்தரவு போட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாணவிகளுக்குத் தனியாக ஒன்று. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களைப் பூமிக்கடிச் சுரங்கத்தில் வேலை செய்ய விடவில்லை. தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்காக 2019 ஜனவரியில்தான் மத்திய அரசு அதைத் தளர்த்தியது. ஆகவே தயங்காமல் வாருங்கள். நம் பக்கத்துப் பாறைகளிலேயே வேலை இருக்கிறது. நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடியாக்கித்தான் இஸ்ரோ சந்திரயான் தரையிறங்கும் சோதனைகளுக்கு மண் தயாரித்தது.

ஓய்வு பெற்ற வருடம் அந்த அக்காவைத் தேடிப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கியிருந்தது, குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார். நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்டார்: “இப்ப மேல ஏறிப் பாக்கறீங்களா தம்பி?”

பார்க்கிறேன் அக்கா என்றேன்.