விடை தெரிந்த சோதனை சோதனையாகுமா?

அறிவியலைச் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கருத்தை எதிர்த்துப் பேச இந்த ஊரில் ஓர் ஆள்கூடக் கிடைக்கமாட்டார். அதனால்தான் எனக்கு இதன்மேல் கொஞ்சம் சந்தேகம். எல்லாரும் தலையாட்டி ஒப்புக்கொள்ளும் ஒரு காரியம் ஏன் இன்னும் நடந்தபாடில்லை? காசில்லை, ஆய்வகமில்லை, கருவி இல்லை என்பது வழக்கமான பதில். அந்தப் பதில் பாதிகூட உண்மையில்லை என்பது என் கட்சி.

1997-இல் அமெரிக்காவில் ஓர் ஆவணப்படத் தொடர் வந்தது. அதில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் பட்டமளிப்பு விழா நாளில், கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நின்றவர்களிடம் ஒரு பேட்டரி, ஒரு சின்ன பல்பு, ஒரே ஒரு கம்பி ஆகிய மூன்றையும் கொடுத்து, இதை எரியவைக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று உடனே சொன்னவர்களில் பலரால் எரியவைக்க முடியவில்லை. பல்புக்கு மின்சாரம் தொடவேண்டிய இடங்கள் இரண்டு: அடியில் இருக்கும் குமிழ் ஒன்று, பக்கத்து உலோகச் சுற்று இன்னொன்று. இது கையில் எடுத்து உருட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும். இந்தப் பட்டதாரிகள் படித்த இடத்தில் ஆய்வகத்துக்கா பஞ்சம்? உலகத்திலேயே சிறந்த ஆய்வகங்கள் அங்கே இருக்கின்றன. ஆகவே கருவி இருந்தால் அறிவு வந்துவிடும் என்ற கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது. இங்கிலாந்தில் ஆபிரகாம்ஸ், மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளிகளில் 25 செய்முறை வகுப்புகளை நேரில் கவனித்து 2008-இல் எழுதினார்கள். ஆசிரியர் செய்யச் சொன்னதை மாணவர்கள் பெரும்பாலும் செய்துமுடிக்கிறார்கள். ஆனால் செய்ததை அதன் பின்னே இருக்கும் கருத்தோடு சேர்த்து யோசிப்பது அபூர்வம் என்பதே அவர்கள் கண்டது. கை வேலை செய்கிறது, தலை சும்மா இருக்கிறது. அப்படியானால் தலையை எப்படி வேலைக்குக் கூப்பிடுவது?

ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு, அதில் கொஞ்சம் நேரம் நிற்க அனுமதியுங்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பு. மார்ச் 21 அன்று சென்னையில் ஒரு பள்ளியும் கன்னியாகுமரியில் ஒரு பள்ளியும் அதை நேர்குத்தாக நட்டு, நிழல் மிகக் குட்டையாக இருக்கும்போது அளக்கட்டும். கம்பை நடுமுன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி: உச்சிவேளையில் நிழல் எவ்வளவு நீளம் இருக்கும்? நிழலே இருக்காது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். பெரியவர்களும் அதையே சொல்வார்கள். அதை அவரவர் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பிறகு அளந்தால் சென்னையில் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர், கன்னியாகுமரியில் 14. மிகக் குட்டையான நிழல் கடிகாரத்தில் 12 மணிக்கு விழாமல் பிந்தி விழும். இரண்டு ஊரிலும் ஒரே நேரத்திலும் விழாது. ஏன் என்ற கேள்வி தானாக எழும், நாடு முழுதுக்கும் ஒரே கடிகாரம் வைத்திருப்பதன் கதை அங்கே வரும். இரண்டு நிழல்களுக்குரிய கோணங்களின் வித்தியாசம் 5 பாகை. வடக்குத் தெற்காக நேர்கோட்டில் இரண்டு ஊருக்கும் இடையே 555 கிலோமீட்டர். 360-இல் 5 என்பது 72-இல் ஒன்று. பெருக்கிப் பார்த்தால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் போட்ட கணக்கு இதுதான். ஆனால் இந்தச் சோதனையின் உண்மையான செல்வம் இந்த விடையில் இல்லை என்பேன். பிள்ளைகளுக்கு 40,000 வராது. 36,000 வரும், 45,000 வரும். ஒரு நிழலை ஒரு சென்டிமீட்டர் பிசகி அளந்தால் கோணம் அரைப் பாகைக்குச் சற்று மேல் மாறும், சுற்றளவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாறிவிடும். கவனமாக அளந்தாலும் அந்த ஒரு சென்டிமீட்டர் தப்பாது, ஏனென்றால் நிழலின் நுனியே மங்கலானது. அது ஏன் மங்கல்? சூரியன் புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகலத் தட்டாக இருப்பதால். தப்பைத் துரத்திக்கொண்டு போன பிள்ளை சூரியனின் அளவில் போய் நிற்கிறது. இதற்கு ஆன செலவு ஒரு கம்பும் ஒரு போன் அழைப்பும்.

இப்போது நம் செய்முறை வகுப்புக்கு வாருங்கள். தனி ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கம் காண வேண்டும். விடை 9.8 என்று ஆட்டத் தொடங்குமுன்பே தெரியும். வந்த எண் 9.1 என்றால் என்ன நடக்கிறது என்பது இங்கே அமர்ந்திருக்கும் பிளஸ் டூ படித்த எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ரீடிங் திருத்தப்படும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ரெக்கார்டு நோட்டில் அழகான கையெழுத்தில் 9.8 ஏறிவிடும். அந்த மாணவனைக் குறை சொல்லமாட்டேன். 9.1-ஐ அப்படியே எழுதினால் மதிப்பெண் குறையும் என்பது அவன் பட்டறிந்த உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: இயற்கை சொன்னதை அழித்துவிட்டுப் புத்தகம் சொன்னதை எழுதும் பயிற்சியை, அறிவியல் என்ற பெயரில், ஆய்வகத்துக்குள்ளேயே வைத்து நாம் கொடுக்கிறோம். இதைவிட ஆய்வகமே இல்லாதிருப்பது ஒருவகையில் மேல். பொய் எழுதும் பழக்கமாவது வராது.

வேறு வழி நடந்து காட்டப்பட்டிருக்கிறது. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் ஊரக மையம் என்ற இரு அமைப்புகள் தொடங்கி, டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், தில்லிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் விஞ்ஞானிகள் துணைநின்ற முயற்சி. 1978-இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் போனது. பின்னர் ஏகலவ்யா என்ற நிறுவனம் பொறுப்பேற்றது. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி இல்லையா, கருவேல முள் போதும். அங்கே பணியாற்றிய அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் இணைத்துச் செய்த வடிவங்கள் இன்று நாடு முழுதும் தெரிந்தவை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது முள்ளும் தீக்குச்சியும் அல்ல. பிள்ளைகள் நால்வர் நால்வராக உட்கார்ந்து சோதனை செய்தார்கள். அவர்களுடைய பாடநூலில் கேள்வி இருந்தது, விடை அச்சிடப்படவில்லை. பரீட்சைக்குப் புத்தகத்தைக் கொண்டுவரலாம். செய்முறைக்கும் தேர்வு உண்டு. அதாவது கற்பிக்கும் முறையோடு தேர்வையும் சேர்த்து மாற்றினார்கள். முப்பது ஆண்டு நடந்த அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. மேல்வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்ற புகார் அதற்கு முன்னால் எழுந்திருந்தது. மேலே இருந்த தேர்வு மாறாததால் கீழே இருந்த மாற்றம் தோற்றதாகக் கருதப்பட்டது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

இனி மறுப்புகள். வலுவான மறுப்பு கல்வி உளவியலாரிடமிருந்து வருகிறது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை, வழிகாட்டல் இல்லாமல் தானே கண்டுபிடிக்கட்டும் என்று புதியவனை விடுவது பயனற்றது என்று வாதிட்டது. மனம் ஒரே நேரத்தில் தாங்கும் சுமை கொஞ்சம். எல்லாமே புதிதாக இருந்தால் திணறிப்போகும் என்பது அவர்கள் காரணம். இதை நான் ஏற்கிறேன். நியூட்டன் ஆயுள் முழுதும் யோசித்ததை ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு பீரியடில் கண்டுபிடிக்கும் என்று நம்புவது அன்பாக இருக்கலாம், அறிவாகாது. ஆனால் கம்பை எங்கே நடுவது, எப்போது அளப்பது, எந்தக் கோணத்தைக் கணக்கிடுவது என்று ஆசிரியர் சொல்லித்தான் தர வேண்டும் என்கிறேனே தவிர, ஆசிரியர் ஒதுங்கிப் போகட்டும் என்று சொல்லவில்லை. வழியைச் சொல்லுங்கள், முடிவை மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அப்படி மாணவரை ஈடுபடுத்தி நடத்திய கல்லூரி வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை 2014-இல் ஃப்ரீமன் குழுவினர் தொகுத்தார்கள். விரிவுரை மட்டுமே கேட்டவர்களில் தேறாதவர்கள் 34 சதவீதம். மற்ற வகுப்புகளில் 22. ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் நடந்த 2019 ஆய்வு இன்னும் வேடிக்கை: ஈடுபட்டுக் கற்றவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். நல்ல விரிவுரை கேட்டால் எல்லாம் புரிந்துவிட்ட மயக்கம் வரும். மேடையில் நின்று விரிவுரை ஆற்றிக்கொண்டே இதைச் சொல்வது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

இது சிறுபிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தோனேசிய நெல்வயலைப் பார்க்க வேண்டும். புகையான் பூச்சி பெருகியதற்குப் பூச்சிமருந்தே காரணம் என்று கண்டு 1986-இல் அந்த நாடு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடைசெய்தது. 1989-இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. தடையைப் பற்றிச் சொற்பொழிவு நடத்தவில்லை. சிலந்தியையும் புகையானையும் ஒரே குடுவையில் விட்டு, யார் யாரைத் தின்கிறார்கள் என்று உழவர்களே பார்த்தார்கள். இளம்பயிரின் இலைகளில் ஒரு பகுதியை வேண்டுமென்றே வெட்டிவிட்டு, விளைச்சல் குறைகிறதா என்று அறுவடை வரை காத்திருந்தார்கள். நல்ல பயிரில் கத்தரிக்கோல் வைக்க எந்த உழவருக்கு மனம் வரும்! அப்படிச் செய்து பார்த்த பிறகுதான், நாலு இலையில் ஓட்டை கண்டதும் மருந்தடிக்க ஓடும் பழக்கம் ஆட்டம் கண்டது. அந்தத் திட்டத்தால் விளைச்சலும் வருமானமும் எவ்வளவு உயர்ந்தன என்பதில் பொருளியலாரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. படிப்பு குறைந்தவர்களாலும் வயதானவர்களாலும் ஒழுங்கான சோதனை நடத்த முடியும் என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை.

பாடத்திட்டம் முடியாது, வகுப்பில் கூட்டம் என்ற மறுப்புகள் நியாயமானவை. ஆண்டு முழுதும் இப்படி நடத்த முடியாதுதான். பருவத்துக்கு இரண்டு சோதனை போதும், அவை உண்மையான சோதனைகளாக இருந்தால். அதற்கு ஒரு கோரிக்கையை மட்டும் இங்கே வைக்கிறேன். நம் பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. அதில் பத்து மதிப்பெண்ணைச் சரியான விடைக்குத் தராதீர்கள். முன்கூட்டி என்ன நினைத்தாய், என்ன வந்தது, ஏன் மாறியது என்ற மூன்று கேள்விக்கு மாணவர் எழுதும் பதிலுக்குத் தாருங்கள். ஆசிரியர் சங்கங்களும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் இதைத் தீர்மானமாக எழுதிக் கல்வித்துறைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.