இரண்டு ரூபாயில் எடுத்த படம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பழைய படங்களைத் தியேட்டரில் மறுபடியும் போடுகிறார்களே, அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்றார் செயலாளர். சிவாஜி, எம்.ஜி.ஆர். படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1952-ல் 2,500-க்கும் அதிகமான இருக்கைகளோடு திறந்த தங்கம் தியேட்டரில் 'பராசக்தி' ஓடிய ஊர் இது. நான் சொல்ல வந்தது, கூட்டம் சேராவிட்டாலும் நின்றுவிட்ட படங்களைப் பற்றி.

ஷியாம் பெனகல் 1976-ல் இந்தியில் எடுத்த 'மந்தன்' அப்படி ஒன்று. மந்தன் என்றால் கடைதல். குஜராத் கிராமத்துக்கு ஒரு கால்நடை மருத்துவர் பால் கூட்டுறவுச் சங்கம் அமைக்க வருகிறார். அங்கே தனியார் பால் பண்ணைக்காரர் சொன்னதுதான் விலை. கொழுப்புச் சத்தை அளந்து பார்த்து, உங்கள் பாலுக்கு இன்னும் கூடுதல் விலை கிடைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். சும்மா விடுவார்களா? சங்கத் தேர்தலில் ஊர்ப் பெரியவர் தோற்றதும் பகை முற்றுகிறது. (நம் சங்கத் தேர்தலை நினைத்து யாரும் சிரிக்க வேண்டாம்.) கிரீஷ் கர்னாட், ஸ்மிதா பாட்டீல், நஸீருதீன் ஷா நடித்தது.

உசிலம்பட்டிப் பக்கம் கறவை மாட்டுக் கடன் எழுதிய கிளையில் நான் சில வருடம் இருந்தேன். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, ஈரக் கையோடு பாஸ்புக்கை நீட்டுவார்கள். அந்தப் பெண்களை ஸ்மிதா பாட்டீலிடம் அப்படியே பார்த்தேன்.

ஆனால் ஒரு பி.காம். பட்டதாரியை அதிகம் கவர்ந்தது படத்தின் கணக்கு. தயாரிப்பாளர் யார் தெரியுமா? குஜராத்தின் 5 லட்சம் பால் விவசாயிகள். ஆளுக்கு 2 ரூபாய். மொத்தம் 10 லட்சம். படத்தின் தொடக்கத்திலேயே, இதை வழங்குபவர்கள் அவர்கள்தான் என்று எழுத்து வருகிறது. படம் வெளியானபோது, தங்கள் படத்தைப் பார்க்க லாரி லாரியாக வந்திறங்கினார்களாம். பங்குதாரர்கள் இவ்வளவு மகிழ்ச்சியாக வந்து கலந்துகொண்ட பொதுக்குழு வேறு எதுவும் இருக்காது.

பிறகு படம் மெல்லக் கெட ஆரம்பித்தது. பிலிம் என்பது பழைய லெட்ஜர் மாதிரி. பூஞ்சை பிடிக்கும், நிறம் போகும். நெகடிவ் சேதமாகியிருந்தது, ஒலிக்கான நெகடிவ் கிடைக்கவே இல்லை. மும்பையில் 2014-ல் சிவேந்திர சிங் துங்கர்பூர் தொடங்கிய பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன், தன்னிடம் இருந்த ஒரு பிரிண்டிலிருந்து ஒலியை எடுத்து, நம் சென்னை பிரசாத் நிறுவனத்திலும் இத்தாலியின் பொலோனா நகர ஆய்வகத்திலுமாகப் படத்தை மீட்டது. செலவை ஏற்றது மறுபடியும் அதே பால் கூட்டுறவு அமைப்புதான். 2024 மே மாதம் கான் விழாவில் காட்டினார்கள். ஜூன் 1, 2 தேதிகளில் இந்தியாவில் பல ஊர்த் தியேட்டர்களில் ஓடியது. அந்த டிசம்பரில் பெனகல் காலமானார்; புதுப்பித்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். பாலு மகேந்திராவின் 'வீடு', 1988. இங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் பார்த்திருக்க வேண்டிய படம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தாத்தாவின் மனைகளில் ஒன்றை விற்று, கடன் வாங்கி, வீடு கட்டப் புறப்படுகிறாள் அர்ச்சனா. அப்ரூவல், லஞ்சம், சிமெண்டைத் திருடும் கான்ட்ராக்டர். கடன் பிரிவில் உட்கார்ந்து நான் ஆயிரம் முகங்களில் பார்த்த கவலை அது. அரைகுறையாக நிற்கும் வீட்டைச் சொக்கலிங்க பாகவதர் தடவிப் பார்க்கும் இடத்தில் வசனமே தேவைப்படவில்லை. அர்ச்சனாவுக்கும் படத்துக்கும் தேசிய விருது கிடைத்தது. ஆனால் அதன் நெகடிவ் அழிந்துவிட்டதாக பாலு மகேந்திராவே வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். குஜராத் படத்துக்குச் சொந்தக்காரர்கள் 5 லட்சம் பேர் இருந்தார்கள். இதற்கு யார் இருந்தார்கள்?

"எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே சார்" என்று போன வாரம் லிப்டில் ஒருவர் கேட்டார். கிடைக்கிறது, மங்கலாக. நடுவில் குக்கர் விசில் வேறு. பொலோனாவில் கோடைக்கு நகரின் பெரிய சதுக்கத்தில் திரை கட்டி, மீட்டெடுத்த படங்களை இலவசமாகக் காட்டுகிறார்கள். ஊரே வந்து உட்காருகிறது. நம் டூரிங் டாக்கீஸ் மாதிரிதான், மணல் மட்டும் இல்லை.

நம்மிடம் 84 வீடுகள். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்றால் 4,200. உரிமையாளரிடம் முறையாக அனுமதி வாங்கி, நல்ல பிரதியைத் தேடி, மாதம் ஒரு படம் கம்யூனிட்டி ஹாலில் போடலாம். இணையத்தில் திருட்டுத்தனமாக இறக்கிப் போடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். அதற்கு வேறு பொருளாளரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'வீடு', 'மந்தன்' இரண்டில் எதற்கு முதலில் அனுமதி கிடைக்கிறதோ அதிலிருந்து ஆரம்பிப்போம். இந்திப் படத்துக்கு ஆங்கில எழுத்து ஓடும். பெரியவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளை உட்கார்ந்து சொல்லட்டும்.

செக்யூரிட்டி மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சேருபவர்கள் பிளாட் நம்பரை எழுதி 50 ரூபாய் கொடுங்கள். ரசீது உண்டு.