கனம் எங்கே இருக்க வேண்டும்?

(நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கனம் தலைவர் அவர்களே, திட்டித் திட்டியே என்னைப் பொறியாளன் ஆக்கிய ஆசிரியப் பெருமக்களே, மூத்த அண்ணன்மார்களே, அக்காமார்களே, இன்று இதே வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவரைக் "கனம்" என்று அழைத்தது மரியாதைக்காகத்தான். ஆனால் இன்று நான் பேச வந்த விஷயமும் கனம்தான். எடை!

சங்கச் செயலாளர் போன் செய்து, "உன் வேலையைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். பகலில் நான் பார்ப்பது பவர் சப்ளை வடிவமைக்கும் வேலை. அதைப் பேசினால் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே மாலை வேலையைப் பற்றிப் பேசுகிறேன். தி. நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து கிடாருக்கான எஃபெக்ட்ஸ் பெடல் செய்கிறேன்.

பெடல் என்றால் சைக்கிள் பெடல் என்று நினைக்கும் மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எலெக்ட்ரிக் கிடாரிலிருந்து வரும் சிக்னல் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வழியில், தரையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வாசிப்பவர் அதைக் காலால் மிதித்தால் ஒலி மாறும். கரகரக்கும், எதிரொலிக்கும், அலை அலையாக வரும். 1962-ல் அமெரிக்காவில் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று ஒரு பெட்டி வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தங்கள் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் அதை உபயோகித்த பிறகு உலகமே அந்தக் கரகரப்பைக் கேட்டது. இது நம் ஊருக்கு அந்நியமான சமாசாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்து நம் சபாக்களை நிறைத்தவர். ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் பொறியியல் படித்த கிடார் பிரசன்னா அதே சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிடாரில் கொண்டுவந்தார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மூன்றாம் வருடம் கல்ச்சுரல்ஸ் சமயம். என் வகுப்பில் மயிலாப்பூர்ப் பையன் ஒருவன், பிரமாதமாகக் கிடார் வாசிப்பான். கடையில் பெடல் வாங்கக் காசில்லை. "நான் பண்ணித் தரேன்டா" என்று மார்தட்டினேன். ரிச்சி தெருவில் டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் வாங்கினேன். சர்க்யூட் இரண்டு நாளில் முடிந்தது. லேபில் ஆசிலாஸ்கோப்பில் போட்டுப் பார்த்தால் அலைவடிவம் அச்சு அசலாகப் புத்தகத்தில் உள்ளபடி! பெட்டி? விடுதியில் இருந்த ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அதன் மூடியில் ஓட்டை போட்டு ஸ்விட்சை மாட்டினேன். அவ்வளவுதான்.

மேடையில் இரண்டு விபரீதங்கள் நடந்தன. பெடலை ஆன் செய்ததும், சீரியல் லைட்டும் டிம்மரும் சேர்ந்து ஸ்பீக்கர் வழியாக "ம்ம்ம்ம்" என்று ஒப்பாரி வைத்தன. பையன் பயந்துபோய் அணைக்கலாம் என்று ஷூ காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். மூடி பிளந்து ஸ்விட்ச் உள்ளே போய்விட்டது. பாட்டு நடுவிலேயே நின்றது. சபையில் ஓவென்று சிரிப்பு. அந்தச் சிரிப்பில் பங்கேற்ற அண்ணன்கள் சிலர் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள்!

அன்று ராத்திரி அவன் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "உன் சர்க்யூட் சரிடா. ஆனா நான் இதை மிதிப்பேன்னு உனக்குத் தோணவே இல்லையா?"

உண்மையிலேயே தோணவில்லை. நான் மேஜைமேல் வைத்துச் செய்தேன், அவன் தரையில் வைத்து வாசித்தான்.

இனி கொஞ்சம் கணக்கு. பொறியியல் கல்லூரிக்கு வந்துவிட்டுக் கணக்கு இல்லாமல் போக முடியுமா? இன்று நான் செய்கிற ஒரு பெடலின் எடை சுமார் 300 கிராம். அதில் அச்சில் வார்த்த அலுமினியப் பெட்டி 190 கிராம். ஸ்விட்ச், ஜாக், குமிழ், வயர் எல்லாம் 80 கிராம். நாம் வருஷக்கணக்காகப் படிக்கிற எலெக்ட்ரானிக்ஸ், அதாவது அந்த சர்க்யூட் போர்டு, வெறும் 30 கிராம்! பத்தில் ஒரு பங்கு. 1966-ல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற புகழ்பெற்ற பெடல் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமான பெரிய வார்ப்புப் பெட்டி. திறந்து பார்த்தால் இரண்டு டிரான்சிஸ்டர், கூடவே ஒரு கைப்பிடிப் பாகங்கள், மீதி எல்லாம் காற்று.

அப்படியானால் பெட்டிக்கு என்னதான் வேலை? மூன்று வேலை.

முதல் வேலை, மிதி தாங்குவது. 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் ஏறி நின்றால் சுமார் 600 நியூட்டன். அந்த விசை ஸ்விட்சிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து தரைக்கும் இறங்க வேண்டும். போர்டுக்குப் போகக் கூடாது. ஜப்பானின் பாஸ் நிறுவனம் இதை வேறு மாதிரி சமாளித்தது. அவர்களுடைய டி.எஸ்.-1 பெடல் 1978-ல் வந்தது. அதில் கால் படுவது அகலமான ஒரு மிதிபலகையில். அதன் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் லேசாக அமுங்கினால் போதும், ஒலியை மாற்றும் வேலையை எலெக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்ளும். உதை வாங்குவது பெட்டி மட்டும்தான்.

இரண்டாவது வேலை, இரைச்சலைத் தடுப்பது. கரகரப்புப் பெடல் சிக்னலைப் பல நூறு மடங்கு பெருக்கும். சுற்றியுள்ள மின்சார இரைச்சலையும் சேர்த்தேதான் பெருக்கும். உலோகப் பெட்டியை எர்த் லைனோடு இணைத்தால் அது ஒரு கவசம். ஆனால் இதற்குத் தடிப்பு வேண்டாம், மெல்லிய தகடே போதும். சோப்பு டப்பாவில் அதுகூட இல்லை.

மூன்றாவது வேலை, நகராமல் நிற்பது. இங்கேதான் "கனமா இருந்தாத்தான் நிற்கும்" என்று எல்லாரும் சொல்வார்கள். 300 கிராம் பெடல் தரையை அழுத்துவது சுமார் 3 நியூட்டன். ரப்பர் அடிப்பாகத்தின் உராய்வு எண் 0.7 என்று வைத்தால், அதை நகர்த்த 2 நியூட்டனுக்குச் சற்று மேலே போதும். எடையை 500 கிராம் ஆக்கினால் 3.4 நியூட்டன். 200 கிராம் சேர்த்தும் ஒன்றரை நியூட்டன்கூட ஏறவில்லை! விறைப்பான ஒரு கேபிள் இழுத்தாலே அதைவிட அதிகம். ஆனால் மிதிக்கும்போது கால் 50 நியூட்டன் அழுத்தினால், நல்ல ரப்பர் அந்த நொடியில் 35 நியூட்டன் வரை பிடித்துக்கொள்ளும். பெடலை நிறுத்துவது பெரும்பாலும் ரப்பரும் வாசிப்பவரின் காலும்தான். கூடுதல் கிராமுக்கு அங்கே அதிக வேலை கிடையாது.

எடைக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மானாமதுரைக் கடத்தைத் தூக்கிப் பாருங்கள். சென்னைக் கடத்தைவிடக் கனம் அதிகம், சுவர் தடிப்பு. அந்தக் கனம் நாதத்திலேயே கேட்கும். என் அம்மா பாத்திரக் கடைக்குப் போனால் கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார். அடி கனமாக இருந்தால் சூடு பரவும், பால் அடிப்பிடிக்காது. அங்கெல்லாம் கனம் வேலை செய்கிறது. எதிர் உதாரணம் என் பகல் வேலையிலேயே இருக்கிறது. அந்தக் கால அடாப்டர் செங்கல் மாதிரி கனக்கும். உள்ளே 50 ஹெர்ட்சில் வேலை செய்கிற இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். இன்றைய அடாப்டர் பல ஆயிரம் ஹெர்ட்சில் சுவிட்ச் ஆவதால் குட்டி டிரான்ஸ்ஃபார்மரே போதும். இலேசாக இருப்பதாலேயே அது மட்டம் என்று சொல்ல முடியாது.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரிந்தே ஒரு தப்புப் பண்ணினேன். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

பெடல் விற்க ஆரம்பித்த புதிதில், வாங்க வருபவர்கள் எல்லாரும் ஒரே காரியம் செய்வார்கள். வாசித்துப் பார்ப்பதற்கு முன்னால் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். "என்னப்பா, கனமே இல்லியே? இதுக்கா இந்த விலை?" மூன்று பேர் அப்படிச் சொல்லிவிட்டு வாங்காமல் போனார்கள். எனக்கு மனசு விட்டுப்போச்சு. 100 மில்லிமீட்டர் நீளம், 50 அகலம், 5 தடிப்பில் இரும்புத் தகடு வெட்டி வாங்கினேன். ஒன்று கிட்டத்தட்ட 200 கிராம். அடி மூடியின் உள்பக்கம் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினேன். அடுத்து வந்தவர் தூக்கிப் பார்த்தார். "ஆஹா, சாலிடா இருக்கே!" மறு பேச்சில்லாமல் வாங்கினார். அப்படிப் பதினாலு பெடல் விற்றேன். விலையையும் கொஞ்சம் ஏற்றினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பதினாலில் ஒன்று அடையாறு பக்கத்துக் கல்லூரிப் பையன் ஒருவனுடையது. மே மாதம். மயிலாப்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன், அவன் முதல் முதலாகக் காசு வாங்கி வாசிக்கும் மேடை. பகல் முழுக்கப் பெடல் பை காருக்குள் வெயிலில் இருந்திருக்கிறது. நம் ஊர் மே மாத வெயிலில் மூடிய கார் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டேப்பின் பசை இளகித் தகடு கழன்று போர்டின் சால்டரிங் பக்கம் விழுந்திருக்கிறது. சிக்னல் ஷார்ட். இரண்டாவது பாட்டிலேயே கிடார் ஊமை. குழுக்காரர் அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

மறுநாள் அவன் என் மாடி அறைக்கு வந்தான். என் எதிரிலேயே நான்கு திருகாணியையும் கழற்றினான். தகடு தடாலென்று மேஜையில் விழுந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, இது எதுக்கு?"

வைவாவில் எத்தனையோ கேள்விக்கு முழித்திருக்கிறேன். அன்று முழித்த மாதிரி என்றும் முழித்ததில்லை. மிதி தாங்க என்று சொல்ல முடியாது. இரைச்சல் தடுக்க என்று சொல்ல முடியாது. நகராமல் இருக்க என்று சொன்னால் என் கணக்கே என்னைப் பார்த்துச் சிரிக்கும். "உங்களை ஏமாத்தத்தான் தம்பி" என்பதே உண்மையான பதில். அதை அன்று வாய்விட்டுச் சொல்லும் தைரியம் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பெடலையும் சரிசெய்து கொடுத்தேன். அவனுக்குப் போன மேடையை நான் எங்கிருந்து கொடுப்பது?

மீதிப் பதிமூன்று பேருக்கும் போன் போட்டேன். "உள்ளே ஒரு தகடு வெச்சிருக்கேன், அதுக்கு வேலை கிடையாது, கொண்டுவாங்க, எடுத்துடறேன்" என்றேன். பதினோரு பேர் வந்தார்கள். இரண்டு பேர், "கனமாத்தான் இருக்கட்டுமே சார்" என்றார்கள்! அவர்கள் வீட்டுக்கே போய்த் திருகிக் கழற்றிவிட்டு வந்தேன். அந்தத் தகடுகளில் ஒன்று இன்றும் என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. அங்கே அதற்கு நியாயமான வேலை இருக்கிறது.

தம்பி தங்கைகளே, உங்கள் பிராஜெக்டுக்கு வருகிறேன். நீங்கள் செய்யும் சர்க்யூட் லேபில் வேலை செய்தால் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள். அதை யார் எடுப்பார், எங்கே வைப்பார், எப்படி மிதிப்பார், எந்த வெயிலில் போடுவார் என்று யோசிப்பது மீதிப் பாதி. அதற்குச் சிலபஸில் மார்க் குறைவு, மேடையில் மொத்த மார்க்கும் அதற்குத்தான். பெட்டிக்குள் நீங்கள் வைக்கிற ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து, "இது எதுக்கு?" என்று ஒருவர் கேட்டால், கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல முடிய வேண்டும். முடியாத துண்டை வைக்காதீர்கள்.

இப்போது யாராவது வந்து தூக்கிப் பார்த்து "கனமே இல்லியே" என்றால், நான் திருப்புளியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். "திறந்து பாருங்க சார்" என்கிறேன். சிலர் வாங்குகிறார்கள், சிலர் போய்விடுகிறார்கள். போகிறவர்களைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது.

கல்லூரி இசைக் குழுவில் இருக்கும் தம்பி தங்கைகள், கூட்டம் முடிந்ததும் பின் வரிசைக்கு வாருங்கள். இரண்டு பெடல் கொண்டுவந்திருக்கிறேன், திருப்புளியும் இருக்கிறது. முதலில் திறங்கள், அப்புறம் மிதியுங்கள், தூக்கிப் பார்ப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.